ஆடிக் கடைசி வெள்ளிக்கு மறுநாள்

இருக்கன்குடியைப் பற்றி எழுதுவோர் எல்லாரும் ஆடிக் கடைசி வெள்ளியைப் பற்றியே எழுதுகிறார்கள். பல மாவட்டங்களிலிருந்து நடந்தே வந்து சேரும் கூட்டம், அக்கினிச் சட்டி, ஆயிரங்கண் பானை, கண்நோய் தீர்ந்தவர்கள் செலுத்தும் கண்மலர், முடிகாணிக்கை, ஆற்றுமணலில் வைக்கும் பொங்கல் என்று சொல்லத் தக்கவை பல. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் இருபுறமும் சூழ, நடுவே கோயில் கொண்டவள் மாரியம்மன். இரு கங்கைகளுக்கு இடைப்பட்ட குடி என்று ஊர்ப்பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். இவற்றில் எனக்கும் ஈடுபாடு உண்டு. ஆயினும் நான் எழுத விரும்புவது அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாளைப் பற்றி.

கூட்டத்துக்கு அஞ்சி மறுநாள் காலையில் சென்று வழிபடுவது எங்கள் வீட்டு வழக்கம். 2025ஆம் ஆண்டில் ஆடிக் கடைசி வெள்ளி ஆகஸ்ட் 15 அன்று வந்தது. மறுநாள் விடியற்காலையில் சாத்தூரில் பேருந்து ஏறி, இருக்கன்குடியில் இறங்கியபோது ஆற்றுப்படுகையெங்கும் முந்தின நாளின் மிச்சம் கிடந்தது. உண்டு எறிந்த இலைகள், தண்ணீர்ப் பாட்டில்கள், கரிபடிந்த அடுப்புக் கற்கள், குளித்துவிட்டு விட்டுச்சென்ற துணிகள், வாடிய வேப்பிலை, ஈ மொய்க்கும் ஆட்டுக் குடல்கள். ஏழெட்டுப் பெண்கள் விளக்குமாறும் கூடையுமாகக் குனிந்து நின்றார்கள். அவர்களுள் மூத்தவராகத் தெரிந்தவரிடம், "இதை அள்ளி முடிக்க எத்தனை நாளாகும் அக்கா?" என்று கேட்டேன். அவர் நிமிராமலே சொன்னார்: "சாமி கும்பிட வந்தவக போயிட்டாக சார். ஊரு இங்கனதான கெடக்கு. ஆத்துல தண்ணி வாரதுக்குள்ள அள்ளிப்புடணும்."

ஊர் இங்கேதான் கிடக்கிறது என்ற அந்தச் சொல் பல நாட்கள் என்னை விட்டு அகலவில்லை. நம் உள்ளாட்சி அமைப்பின் சிக்கல் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது எனத் தோன்றுகிறது.

1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம ஊராட்சிக்குச் சில கட்டாயக் கடமைகளை வகுத்திருக்கிறது. தெருவிளக்கு, சாலை, வடிகால், குடிநீர், பொதுக் கழிப்பிடம், குப்பை அகற்றல், இடுகாடு ஆகியவை அவற்றுள் அடங்கும். இக்கடமைகளை நிறைவேற்ற ஊராட்சிக்கு வரும் பணம் எது? வீட்டுவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம் போன்ற சொந்த வருவாய் சிறிது. மிகுதியும் மாநில நிதிக்குழு, மத்திய நிதிக்குழு மானியங்களே. அம்மானியங்களைப் பங்கிடும்போது முதன்மையாகக் கொள்ளப்படும் அளவுகோல் மக்கள்தொகை. அதாவது, கணக்கெடுப்பின்போது அந்த ஊரில் படுத்துறங்கிய தலைகளின் எண்ணிக்கை. இருக்கன்குடியில் அது சில ஆயிரம். ஆடியில் வந்துபோகும் தலைகளோ லட்சக்கணக்கில். தை, பங்குனிக் கடைசி வெள்ளிகளும் உண்டு. சாதாரண வெள்ளி, செவ்வாய்களும் உண்டு. வந்துபோகும் தலைகளை எந்த மானியக் கணக்கும் எண்ணுவதில்லை. அவர்கள் குடித்த தண்ணீர், மிதித்த சாலை, போட்ட குப்பை ஆகியவை மட்டும் ஊர்க்கணக்கில் சேர்கின்றன.

பழநி நகராட்சியாக இருக்கிறது. சமயபுரம் ச. கண்ணனூர்ப் பேரூராட்சிக்குள் வருகிறது. அங்கெல்லாம் பணியாளர், வாகனம், சுகாதார அலுவலர் என ஓரளவு கட்டமைப்பு உண்டு. இருக்கன்குடியோ கிராம ஊராட்சி. ஒரு நாள் மட்டும் பெருநகரமாகிவிட்டு மறுநாள் மறுபடி கிராமமாகும் ஊருக்கு நம் சட்டங்களில் பெயரில்லை.

கோயிலுக்கு உண்டியல் வருமானம் இருக்கிறதே, அதிலிருந்து செய்யலாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. கோயில் பணம் அறநிலையச் சட்டத்துக்கு உட்பட்டது. சமயக் காரியங்களுக்கே உரியது. அதை எடுத்து ஊராட்சிச் செலவுக்குத் தருவது முறையன்று என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பக்தர் குளித்த துறையைத் தூய்மை செய்வது பக்தருக்குச் செய்யும் தொண்டு அன்றி வேறென்ன? கோயில் மதிலுக்கு உள்ளே கூட்டினால் திருப்பணி, வெளியே கூட்டினால் ஊராட்சிப் பணி என்று பிரிக்கும் கோட்டை வரைந்தவள் மாரியம்மனாக இருக்க முடியாது.

முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். காலரா பரவிய காலத்தில் அந்நோய் பெரும்பாலும் திருவிழாக் கூட்டங்களைத் தொடர்ந்தே ஊர் ஊராகச் சென்றது. 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனி அத்தியாயமே ஒதுக்கப்பட்டதன் பின்னணி இதுவே. திருவிழா ஊரைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்ற எண்ணம் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே சட்டத்தில் ஏறிவிட்டது. அம்மை நோயின் தெய்வமாக நாம் வணங்கும் மாரியின் சந்நிதியில் இதைச் சொல்வது பொருத்தமே. பெரியம்மை ஒழிந்தது, அதை ஒழிக்க ஊசியோடு ஊர் ஊராக நடந்தவர்கள் அரசின் கடைநிலை ஊழியர்கள். தெய்வத்தின் அருளும் அரசின் சேவையும் நம் மக்கள் மனத்தில் ஒன்றுக்கொன்று பகையாக இருந்ததில்லை.

அண்டை மாநிலத்தைப் பார்க்கலாம். நம் பகுதியிலிருந்து கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குச் செல்வோர் பலர். அங்கே பத்தனம்திட்டா மாவட்ட ஆட்சியரின் தலைமையில் சபரிமலைத் துப்புரவுச் சங்கம் என்றொரு அமைப்பு இருக்கிறது. விசுத்தி சேனை என்ற பெயரில் அது பணியாளர்களை அமர்த்தித் தூய்மைப் பணியை நடத்துகிறது. அச்சேனையில் பணிபுரிவோர் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து செல்பவர்கள். பம்பையில் குப்பை அள்ள நம்மவரைத் திரட்டி ஒரு முறையை உருவாக்க முடிந்திருக்கிறது. வைப்பாற்றங்கரையில் அப்படியொரு முறையை நாம் நினைத்துப் பார்க்கவில்லை.

பணம் ஒரு பாதி. மறுபாதி அதிகாரம். எங்கள் மாவட்டத்தில் பட்டாசு ஆலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த உரிமம் என்று கேட்டால் நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று மூன்று வகை சொல்வார்கள். மருந்தின் அளவைப் பொறுத்து உரிமம் தரும் இடம் மாறும். ஆலை நிற்பதோ ஏதோ ஓர் ஊராட்சியின் எல்லைக்குள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இத்தகைய விபத்துகளில் தீயணைப்பு வண்டி வருமுன் ஓடிச்சென்று நிற்பவர்கள் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்தாம். உரிமம் எழுதிய மேசை தொலைவில் இருக்கிறது. சுடுகாடு ஊருக்குள் இருக்கிறது. திருவிழாவிலும் இதே நிலைதான். கோயில் அறநிலையத் துறையிடம், ஆறு பொதுப்பணி, நீர்வளத் துறையிடம், பெருஞ்சாலை நெடுஞ்சாலைத் துறையிடம், பேருந்து போக்குவரத்துக் கழகத்திடம், கூட்டம் காவல்துறையிடம். மிஞ்சிய குப்பை ஊராட்சியிடம்.

இந்நிலையில் ஊருக்கென்று இருக்கும் ஒரே பிடிப்பு, கதவைத் தட்டிக் கேட்கக்கூடிய ஓர் ஆள். ஊராட்சித் தலைவர். அவருக்குப் பெரிய அதிகாரம் இல்லை என்பது உண்மை. ஆனால் ஆட்சியர் கூட்டும் ஆலோசனைக் கூட்டத்தில், "போன வருசம் கழிப்பறை வண்டி பத்தலை, இந்த வருசம் கூடுதலா வேணும்" என்று சொல்ல அவருக்கு வாய் உண்டு. சொல்லாவிட்டால் தெருவில் நடக்க முடியாது என்ற அச்சமும் உண்டு. அந்த அச்சமே உள்ளாட்சியின் உயிர் என்று நான் கருதுகிறேன்.

அந்த ஆளும் இல்லாமற் போன ஆடி அது. 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில் விருதுநகர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் நடந்த ஊரகத் தேர்தலில் வென்றவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அடுத்த தேர்தல் நடத்தப்படவில்லை. வட்டார வளர்ச்சி அலுவலர்கள் தனி அலுவலர்களாக அமர்த்தப்பட்டார்கள். விருதுநகர் மாவட்டத்தில் ஊராட்சிகள் 450, ஒன்றியங்கள் 11. ஓர் அலுவலருக்குச் சராசரியாக நாற்பது ஊர்கள். அவர் எவ்வளவு நல்லவராயினும் நாற்பது ஊரின் குழாயடியிலும் நிற்க முடியாது.

இது புதிதும் அன்று. தமிழ்நாட்டில் 1970இல் ஊராட்சித் தேர்தல் நடந்தது, அடுத்தது 1986இல். அதற்கடுத்தது 1996இல். 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபின், ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்பது அரசியலமைப்பின் கட்டளை. ஆயினும் 2016 அக்டோபரில் தேர்தல் அறிவிக்கையை உயர்நீதிமன்றம் ரத்து செய்தபின் மூன்றாண்டுக்கு மேல் தனி அலுவலர்களே இருந்தார்கள். தேர்தல் நடக்காததால் மத்திய நிதிக்குழு மானியமும் அக்காலத்தில் நிறுத்திவைக்கப்பட்டது. இடஒதுக்கீடு, வார்டு மறுவரையறை, வழக்கு என்று காரணம் ஒவ்வொரு முறையும் வேறு, விளைவு ஒன்றே. ஆட்சியில் எக்கட்சி இருந்தபோதும் இது நேர்ந்திருக்கிறது. சட்டமன்றத் தேர்தலை இப்படித் தள்ளிப்போட எவரும் துணிவரா?

ஆகஸ்ட் 15 கிராம சபை கூடவேண்டிய நாள். ஆடிக் கடைசி வெள்ளியும் சுதந்திர நாளும் ஒரே நாளில் வந்த அவ்வாண்டில், ஊர் கூடிக் கணக்குக் கேட்க வேண்டிய நாளில் பதில் சொல்ல ஊர் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட இல்லை. இதைவிடப் பொருத்தமான முரணை ஒரு புனைகதையில் எழுதினால் செயற்கை என்பார்கள்.

தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. குடவோலையைப் பற்றி நாம் பேசாத மேடையில்லை. அகநானூற்றிலேயே குடத்திலிருந்து ஓலை எடுப்பது உவமையாக வருகிறது என்று வகுப்பில் பெருமிதத்தோடு சொல்கிறோம். 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த பராந்தகச் சோழனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் காட்டி, உலகுக்கு மக்களாட்சி தந்தோம் என்கிறோம். அது பிராமணர் சபைக்குரிய விதி; நிலமும் கல்வியும் உடையோர்க்கே இடம்; பெண்களுக்கும் உழைப்போர்க்கும் அங்கே ஓலை இல்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அக்கல்வெட்டில் நாம் உண்மையிலேயே கற்க வேண்டியது ஒன்று உண்டு. வாரியங்களின் பொறுப்பு ஓராண்டுக்கே உரியது. ஆண்டு முடிந்தால் புதிய ஓலை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வரமுடியாது. காலக்கெடு, கணக்கு என்னும் அவ்விரண்டையும் விட்டுவிட்டுப் பெருமையை மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஊராட்சித் தலைவர்களெல்லாம் உத்தமர்களா என்று நண்பர்கள் கேட்பார்கள். இல்லை. காண்டிராக்டில் பங்கு கேட்பவரும், மனைவியின் நாற்காலியில் அமரும் கணவரும், சாதி பார்த்துக் குழாய் போடுபவரும் இருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலில், தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகவே 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தல் நடவாமல் தடுத்தார்கள். 2006இல்தான் அது முடிவுக்கு வந்தது. எவ்வளவு பயனற்ற பதவி என்று நாம் ஏளனம் செய்கிறோமோ அந்தப் பதவியைத் தரமறுக்க ஆதிக்கச் சாதியினர் பத்தாண்டு பிடிவாதம் பிடித்தார்கள் என்றால் அதன் மதிப்பை அவர்கள் நம்மைவிட நன்கு அறிந்திருந்தார்கள் என்றே பொருள். தனி அலுவலரின் ஆட்சியில் முதலில் இழப்பவர்கள் ஒதுக்கீட்டால் அந்த நாற்காலியை எட்டிய பெண்களும் தலித்துகளும்தாம். மோசமான தலைவரை ஐந்தாண்டில் மாற்றலாம். இல்லாத தலைவரை எப்படி மாற்றுவது?

நான் கேட்பது பெரிதல்ல. ஒன்று, சட்டம் சொல்லும் நாளில் தேர்தல். இரண்டு, இருக்கன்குடி போன்ற ஊர்களுக்கு வந்துபோகும் தலைகளையும் எண்ணி நிதி. மூன்று, திருவிழாவுக்கென்று கோயில், ஊராட்சி, துறைகள் அனைத்தும் அமரும் ஒரு நிலையான குழு. அதன் வரவுசெலவு அடுத்த கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். காமராசர் பிறந்த மாவட்டம் இது. அவர் முதலமைச்சராக இருந்த காலத்தில்தான் ஊராட்சி ஒன்றியங்கள் தோன்றின. அவற்றின் பள்ளிகளில்தான் எங்கள் தலைமுறையில் பலர் எழுத்தறிந்தோம். சிறிய ஊரின் கையில் பெரிய காரியத்தை நம்பி ஒப்படைக்கலாம் என்பதற்கு எங்களுக்கு வெளியிலிருந்து சான்று வேண்டியதில்லை.

அன்று வழிபாடு முடிந்து திரும்பும்போது அந்தப் பெண்கள் படுகையின் பாதியைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. மேற்கே மேகம் திரண்டிருந்தது. வைப்பாற்றில் தண்ணீர் வந்தால் அள்ளாமல் விட்டதெல்லாம் தூத்துக்குடி மாவட்டத்து ஊர்களைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குப் போய்ச் சேரும். மூத்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருகணம் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி குனிந்தார்.