லொங்குய்ய் டைரி – 23: பல்லுக்கு ஈயம் பூசுறது எப்படி?

போன வாரம் பனியில வழுக்கி விழுந்த வீர வரலாறு சொன்னேன் இல்லையா? இந்த வாரம் பல்லு. விழலைங்க, கரைஞ்சிருக்கு. அவ்வ்வ்வ்...

ஜனவரி மாசம். மஞ்சள் கோட்டு மெட்ரோவுல ஆத்துக்கு அடியில வந்து, லொங்குய்ய் டெர்மினஸ் கதவைத் தள்ளிட்டு வெளிய கால் வைக்கிறேன். மைனஸ் 22. ஃபோன்ல நண்பன்கிட்ட பேச வாயைத் திறந்தேன் பாருங்க, முன்பல்லு நாலுலயும் ஊசி வெச்சுக் குத்துன மாதிரி ஒரு சுளீர்! ஒரு வாரம் மஃப்ளரால வாயை மூடிக்கிட்டே திரிஞ்சேன். வேற வழியில்லாம பல் டாக்டர்கிட்ட போனேன்.

பாத்துட்டு ஒரு தாள் குடுத்தாங்க. அதுல 'எமாய்' போயிடுச்சுன்னு பிரெஞ்சுல எழுதியிருக்கு. எழுத்துல பாத்தா அச்சு அசல் ஈமெயில், முதல் எழுத்து மேல ஒரு சின்னக் கோடு மட்டும்தான் வித்தியாசம். நான் அப்பாவியா, "திரும்ப அனுப்பட்டுமா?"ன்னு கேட்டேன். அந்த அம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே... ஈமெயிலுக்கு கியூபெக்ல 'கூரியெல்'. 'எமாய்'னா பல்லு மேல இருக்கிற எனாமல். ஈமெயில் போனா திரும்ப அனுப்பலாம், எனாமல் போனா போனதுதான். அதைக் கட்டுற செல்கள், பல்லு ஈறை விட்டு வெளிய வரும்போதே காலி.

"தினமும் காலையில என்ன குடிப்பீங்க?"ன்னு அடுத்த கேள்வி. பெருமையா சொன்னேன்: வெறும் வயித்துல சுடுதண்ணியில எலுமிச்சம்பழம். இங்க வந்ததுல இருந்து ரெண்டு வருஷமா. அது முடிஞ்ச கையோட, வாய் சுத்தமா இருக்கணுமேன்னு அழுத்தி ஒரு பிரஷ். அப்புறம் லைப்ரரியில ஒரு கோலா டின்னை மூணு மணி நேரம் சொட்டுச் சொட்டா உறிஞ்சுறது. (காசு மிச்சம் பண்றாராம்!)

மேட்டர் இதுதான். எனாமல் நம்ம உடம்புலயே கெட்டியான பொருள், எடையில 96 சதவீதம் தாது உப்பு. ஆனா வாயில பிஎச் சுமார் 5.5-க்குக் கீழ போனா அது கரைய ஆரம்பிக்கும். எலுமிச்சைச் சாறு 2-லிருந்து 2.5, கோலாவும் கிட்டத்தட்ட அங்கதான். சொத்தைன்னா பாக்டீரியா சர்க்கரையைத் தின்னு அமிலம் விடணும். இந்த அரிப்புக்கு பாக்டீரியாவே வேணாம், அமிலத்தை நாமளே ஊத்துறோம். அமிலம் பட்ட எனாமல் மேலாப்புல கொஞ்ச நேரம் மெத்துன்னு இருக்கும். நம்மாளு அப்பத்தான் பிரஷ்ஷை எடுத்துத் தேய்ப்பாரு. எச்சில் அமிலத்தை ஆத்தி சரிபண்ண நேரம் வேணும். சொட்டுச் சொட்டா உறிஞ்சினா அந்த நேரமும் கிடைக்காது.

கடைசியா டாக்டரம்மா சொன்னது: "ஃப்ளோரைடு போட்ட ரான்ஸ்-பூஷ் வாங்கிக் கொப்புளிங்க." எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

ஏன்னு சொல்றேன். நான் தருமபுரிக்காரன். எங்க பக்கத்து போர்த்தண்ணியில ஃப்ளோரைடு அதிகம். குடிதண்ணியில லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதைத் தாண்டின தண்ணியைக் குடிச்சு வளர்ந்த தலைமுறை நாங்க. என் முன்பல்லுல காபிக் கறை மாதிரி கோடு இருக்கும். ஸ்கூல் குரூப் போட்டோவுல எங்க வகுப்புல பாதிப்பேர் வாயை மூடித்தான் சிரிச்சிருப்போம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல வந்துச்சு. அதுக்குள்ள எங்க பல்லு முளைச்சாச்சு. அந்த ஃப்ளோரைடைப் போயி காசு குடுத்து வாங்கச் சொன்னா?

அன்னிக்கு ராத்திரி உக்காந்து படிச்சேன் மக்கா. கறை வேற, கரைச்சல் வேற. ஃப்ளோரைடு கறை விழுறது பல்லு ஈறுக்குள்ள உருவாகுற சின்ன வயசுல, சுமார் எட்டு வயசு வரைக்கும், முழுங்குற தண்ணி வழியா. வளர்ந்த பல்லு மேல வெளியிலிருந்து படுற ஃப்ளோரைடு வேற வேலை பாக்குது. கால்சியத்தோட சேந்து மெல்லிசா ஒரு படிவு போடும். அடுத்த முறை அமிலம் வந்தா முதல்ல அந்தப் படிவு கரையும், பல்லுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். விஷயம் முழுங்குறதுலதான் இருக்கு. தினசரிக் கொப்புளிப்புத் தண்ணியில வழக்கமா 0.05 சதவீதம் சோடியம் ஃப்ளோரைடு. கணக்குப் போட்டா 10 மில்லியில சுமார் 2.25 மில்லிகிராம் ஃப்ளோரைடு. அதாவது, 1.5 அளவுல இருக்கிற தண்ணி ஒன்றரை லிட்டர்ல உள்ளது ஒரே வாய்ல! அதான் துப்பணும். அதான் ஆறு வயசுக்குக் கீழ உள்ள பசங்க கையில குடுக்கவே கூடாது.

இன்னொரு வகையும் இருக்கு, அது ரொம்பப் பிடிச்சுது. எங்க பாட்டி பித்தளைப் பாத்திரத்துல புளிக்குழம்பு வைக்கணும்னா, ஈயம் பூசுறவர் தெருவுக்கு வர்ற வரைக்கும் காத்திருப்பாங்க. பூசாத பித்தளையில புளி பட்டா களிம்பு ஏறும். அதே வெள்ளீயம்தாங்க, ஃப்ளோரைடோட சேத்து சில கொப்புளிப்புத் தண்ணியில போடுறாங்க. (காரீயம் இல்ல, பதறாதீங்க!) பல்லு மேல சுலபத்துல கரையாத ஒரு வெள்ளீயப் படலம் உக்காருது. அமில அரிப்புக்கு வெறும் சோடியம் ஃப்ளோரைடை விட இது நல்லாத் தாங்குதுன்னு ஆய்வுகள் சொல்லுது. குறை: வாயெல்லாம் துவர்க்கும், சிலருக்குக் கறை படியும். எனக்கென்ன, ஏற்கனவே இருக்கிற கறைதானே ஹி ஹி.

ஆனா ஈயம் பூசினாலும் பாத்திரத்துல ராத்திரி பூரா புளியை ஊறவெச்சா தாங்குமா? அதே கதைதான். எந்தக் கொப்புளிப்பும் போன எனாமலைக் கொண்டு வராது. இருக்கிறது போறதைக் கொஞ்சம் மெதுவாக்கும், அவ்வளவுதான். போதாக்குறைக்குக் கடையில மினுமினுன்னு அடுக்கியிருக்கிற சில பாட்டில்களே அமிலத்தன்மை உள்ளவை. கலரைப் பாத்து ஏமாறாதீங்க.

அம்மாகிட்ட ஃபோன்ல சொன்னேன். "நல்லெண்ணெய் ஊத்திக் கொப்புளிடா கண்ணு, எல்லாம் சரியாயிடும்"ன்னாங்க. எண்ணெய் படிஞ்சா அமிலம் ஒட்டாதுன்னு எனக்கும் தோணுச்சு. ஆனா 2012-ல ஜெர்மனியில சாஃப்ளவர் எண்ணெய் வெச்சுப் பாத்திருக்காங்க. பல்லு மேல எச்சில் போடுற இயற்கைப் படலத்தோட காவல் அதனால கூடவே இல்ல. அம்மாகிட்ட இதை விளக்கல. உசிரு முக்கியம்.

அடுத்து அம்மா கேட்டதுதான் மண்டையில அடிச்சுது. "அங்க சாப்பிட்டு வாய் கொப்புளிக்கிறியா இல்லையா?"

இல்லீங்க. ஊர்ல சாப்பிட்டு எழுந்தா கை கழுவி, மூணு வாய் தண்ணி விட்டுக் கொப்புளிக்காம யாரும் நகர மாட்டோம். இங்க வந்த முதல் வாரமே, யுனிவர்சிட்டி பாத்ரூம்ல நான் கொப்புளிச்சுத் துப்பின சத்தத்துக்குப் பக்கத்துல நின்னவன் திரும்பிப் பாத்தான். அன்னிக்கு விட்டவன்தான். டிஷ்யூவால உதட்டைத் துடைச்சுக்கிட்டு நாகரிகமாயிட்டேன். அந்த வெறும் தண்ணிதான் அமிலத்தைக் கழுவி விடுற முதல் கொப்புளிப்பு, செலவே இல்லாதது.

இப்போ நம்ம சட்டம்: எலுமிச்சைக்கு டாட்டா. கோலா குடிச்சே ஆகணும்னா சாப்பாட்டோட, ஒரே மூச்சுல. புளிப்பு எது உள்ள போனாலும் உடனே தண்ணி விட்டுக் கொப்புளிப்பு. பிரஷ் ஒரு மணி நேரம் கழிச்சு. ரான்ஸ்-பூஷ் பிரஷ் பண்ணாத நேரமாப் பாத்து ஒரு தடவை, அப்புறம் அரை மணி நேரம் எதுவும் உள்ள போகாது. வாந்தி வந்தா (தேர்வுக் காலம் வருதே!) ஒரு டம்ளர் தண்ணியில அரை ஸ்பூன் சோடா உப்பு.

மூணு வாரம் ஆச்சு. சுளீர் குறைஞ்சிருக்கு, போகல. நேத்து யுனிவர்சிட்டி பாத்ரூம்ல சத்தமாவே கொப்புளிச்சேன். ஒருத்தன் திரும்பிப் பாத்தான். கறைப்பல்லு தெரிய நல்லாச் சிரிச்சேன் :-)

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க. பல்லு கூசினா கொப்புளிச்சுக்கிட்டே காலம் தள்ளாம, காட்டிட்டு வாங்க.