சாஸ்திரியை ஒரே சொல்லில் ஒதுக்காதீர்கள்

நெய்வேலி நகரியத்தில் நடந்த வாசகர் கூட்டத்தில், வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி வெள்ளையருக்கு ஆமாம் சாமி போட்டே பதவி பெற்றவர் என்று ஒரு நண்பர் அடித்துப் பேசினார். அபாண்டம்!

1919-இல், விசாரணையின்றிச் சிறையில் அடைக்க வழிசெய்த ரௌலட் மசோதாவை, வைஸ்ராய் தலைமை வகித்த சட்டசபையிலேயே எதிர்த்து முழங்கியவர் யார்? 1921-இல் லண்டன் மாநாட்டில், குடியேற்ற நாடுகளில் வாழும் இந்தியருக்குக் குடியுரிமை கேட்டு வாதாடியவர் யார்? தென்னாப்பிரிக்கா மட்டும் மறுத்தது. 1927-இல் அந்த நாட்டுக்கே இந்திய அரசின் முதல் ஏஜென்டாகப் போனார். கரும்புத் தோட்டக் கூலிகளின் பிள்ளைகளும் மேலே படிக்கட்டும் என்று நிதி திரட்டினார். டர்பனில் சாஸ்திரி கல்லூரி எழுந்தது. ஆமாம் சாமிக்கு இதெல்லாம் எதற்கு?

மலேயா விஷயத்தில் அவரை நானும் மன்னிக்க மாட்டேன். 1936-இல் நேரில் போய்ப் பார்த்தும், அங்குள்ள தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஆள் அனுப்புவதை நிறுத்தத் தேவையில்லை என்றே அறிக்கை தந்தார். கூட்டத்தில் இதைச் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பேன்.

சாஸ்திரி நமக்கு அந்நியரும் அல்ல; பக்கத்துச் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக 1935 முதல் 1940 வரை இருந்தவர் அவர். நண்பரே, அவருடைய ரௌலட் உரையை முழுதாகப் படித்துவிட்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்.