கருவியோடு அதன் குறையும்

உயிரணுவின் மரபுப் பொருளைத் திருத்தி அமைத்து அதனிடம் புதிய வேலை வாங்கும் முயற்சியில் பல நாட்டு மாணவர்கள் அணி அணியாக ஈடுபடும் ஐஜெம் போட்டி, 2004-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐந்தே அணிகளோடு தொடங்கி, பதினைந்து ஆண்டுகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட அணிகளாகப் பெருகிற்று, சென்னை ஐ.ஐ.டி. மாணவர்களும் அதில் பன்முறை பங்குகொண்டவர்களே. 2020-இல் பெருந்தொற்று ஆய்வுக்கூடங்களைப் பூட்டியபோது, குடுவையும் குழாயுமாக இருந்த இவ்விளைஞர்கள் மடிக்கணினியும் கையுமாக வீட்டில் முடங்க நேர்ந்தது. அந்நாளில் பாஸ்டனில் கூடிவந்த அவர்களுடைய நிறைவு விழாவும் அவ்வாண்டு நவம்பரில் இணையத்திலேயே நடந்தேறியது.

மரபு வரிசையைத் திரையில் அமைத்துப் பார்க்க பெஞ்ச்லிங், பலர் ஒருங்கே கட்டுரை எழுத ஓவர்லீஃப், கணக்குகளை ஓட்டிப் பார்க்க கூகுள் கோலாப், ஆதார நூல்களைத் தொகுத்து வைக்க ஸோட்டெரோ என்று, தூரத்திலிருந்து வேலை செய்யும் அணிகள் தமக்குள் சாதனங்களைப் பரிமாறிக்கொள்வது உபகாரமான பழக்கந்தான். ஆயினும், பெயரையும் சுட்டியையும் மட்டும் தாங்கிய நீண்ட ஜாபிதாக்களால் விளையும் பிரயோஜனம் சொற்பமே என்பது என் அபிப்பிராயம். ஒரு சாதனத்தின் பெயரைத் தேடுபொறி கூடச் சொல்லிவிடும், அது எந்த இடத்தில் காலை வாரும் என்பதை அதனோடு மல்லுக்கட்டியவர்தாம் சொல்ல வேண்டும்.

எல்லோர் கணினியிலும் இருக்கும் எக்செலையே பாருங்கள். 'மார்ச்1' என்ற மரபணுவின் பெயரை ஆங்கிலத்தில் அதில் தட்டினால், அது யாரையும் கேளாமல் மார்ச் மாதத்து முதல் தேதியாக உருமாறிவிடும். 'செப்ட்2' செப்டம்பர் இரண்டாம் தேதியாகும். ஐஜெம் பிறந்த அதே 2004-இலேயே இதைக் குறித்து ஆராய்ச்சியாளர்கள் எச்சரித்திருந்தும், மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்புகளாக இணைத்து வெளியான கட்டுரைகளை 2016-இல் சோதித்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்பிழை இருக்கக் கண்டார்கள். விசித்திரம் என்னவெனில், மென்பொருள் வழிக்கு வருமென்று காத்திராமல், 2020-இல் பெயரிடும் குழுவினர் மரபணுக்களுக்கே மறுநாமகரணம் செய்துவிட்டார்கள்! 'மார்ச்1' அன்றுமுதல் 'மார்ச்எஃப்1' ஆயிற்று. தானாக மாற்றுவதை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் தந்தது 2023-இல்தான். தேர்ந்த விஞ்ஞானிகளே இடறிய இடத்தில் இரண்டாமாண்டு மாணவன் இடறமாட்டானா? பட்டியலை ஒட்டுமுன் அந்தக் கட்டங்களை எழுத்து வடிவுக்கு மாற்றிக்கொள் என்று முன்னவர் எழுதிவைத்த ஒற்றை வரி, பத்துச் சுட்டிகளைவிட அவனுக்கு உதவும்.

கோலாபின் தற்காலிகச் சேமிப்பில் விட்ட கோப்பு இணைப்பு அற்றபின் மறைந்துபோகும் என்பதும், எது கைபேசியில் திறக்கும் எது திறக்காது என்பதும், இலவசம் எந்த அளவோடு நின்றுவிடும் என்பதும் அப்படிப்பட்ட வரிகளே. எல்லாவற்றிலும் சிரமமானது, சாதனத்தில் நுழையும் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது. இறுதியாண்டு மாணவர் பட்டம் பெற்றுப் போகும்போது, அவருடைய கல்லூரி மின்னஞ்சலோடு ஓராண்டு உழைப்பும் பூட்டிக்கொள்ளுமானால், பின்வருவோர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இக்குறிப்புகள் இன்று பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுக்களின் இரைச்சலில் அமிழ்ந்துவிடுகின்றன. ஐஜெமிலோ ஒவ்வோர் அணிக்கும் பொதுமக்கள் பார்க்கத்தக்க இணையப் பக்கம் உண்டு; பழைய ஆண்டுகளின் பக்கங்களும் அழியாமல் பாதுகாக்கப்படுகின்றன. பிற அணிகளோடு ஒத்துழைப்பதைப் பதக்கத்துக்குரிய தகுதிகளுள் ஒன்றாகவே பல ஆண்டுகள் வைத்திருந்த அப்போட்டியினர், உபயோகித்த ஒவ்வொரு சாதனத்துக்கும் அது கெடுத்த ஒரு வேலையையும் அதைச் சரிசெய்த விதத்தையும் அப்பக்கத்திலேயே பதியுமாறு கேட்கலாம். அவ்வாறு பதிந்தவர்களுக்கு மதிப்பெண் குறையாது என்பதையும் விதிமுறையிலேயே எழுதிவிடலாம்.