நூறு கார்களும் ஒரு நியாயமும்

மோட்டார்ப் பந்தயம் என்றதும் வேகமே பலர் நினைவில் தோன்றும். ஆயினும், வேகத்துக்கு முன்னர் விடை காண வேண்டிய வினா ஒன்றுண்டு. எந்தக் காருடன் எந்தக் கார் ஓடுதல் நியாயம் என்பதே அது.

செல்வம் படைத்த நிறுவனமொன்று பந்தயத்துக்கென்றே இரண்டொரு கார்களைச் செய்து கொணருமாயின், விலைக்கு வாங்கிய காருடன் வருபவர் வெல்வது எங்ஙனம்? இதனைத் தடுக்கவே 'கிராண்ட் டூரிங்' என்னும் பிரிவில் ஒரு விதி வகுக்கப்பட்டது. தொடர்ந்த 12 மாதங்களில் 100 கார்களேனும் செய்யப்பட்ட இனமே அப்பிரிவில் ஓடலாம் என்பது 1960களின் முற்பகுதியில் நிலவிய சர்வதேச விதி. எனினும், முன்பே அங்கீகாரம் பெற்ற காரைத் திருத்தவும், அதற்குப் புதிய மேற்கூடு அமைக்கவும் சலுகையிருந்தது.

அச்சலுகையின் வழியே 1962ஆம் ஆண்டில் நுழைந்தது இத்தாலியப் பெராரி நிறுவனத்தின் '250 ஜி.டி.ஓ.' பழைய 250 ஜி.டி.யின் திருத்தமென்றே அது ஏற்கப்பட்டது. செய்யப்பட்ட கார்களோ நாற்பதை எட்டவில்லை. 1962 முதல் 1964 வரை தன் பிரிவின் வெற்றி விருது பெராரிக்கே கிட்டியது.

அமெரிக்கரான கரோல் ஷெல்பி வாளாவிருந்தாரல்லர். அதே சலுகையைக் கைக்கொண்டு, தமது கோப்ரா காருக்குக் காற்றை எளிதில் ஊடுருவும் மூடிய மேற்கூடொன்றை அமைத்தார். 'டேட்டோனா கூப்பே' எனப்பட்ட அக்கார்கள் ஆறே ஆறு. 1965இல் வெற்றி விருது கோப்ராவின் பக்கம் சென்றது.

இதற்கிடையில் பெராரி '250 எல்.எம்.' என்னும் காரைக் கொணர்ந்து, இதுவும் பழைய காரின் திருத்தமே என்றது. அக்காரிலோ எஞ்சின் சாரதியின் பின்புறத்துக்கு மாறியிருந்தது. நூறு கார்களும் செய்யப்படவில்லை. 1964இல் அதிகாரிகள் மறுத்துவிட்டனர். வெகுண்டெழுந்த என்ஸோ பெராரி தமது இத்தாலியப் பந்தய அனுமதிப் பத்திரத்தைத் திருப்பியளித்தார். அவ்வாண்டின் இறுதி இரு கிராண்ட் பிரீ பந்தயங்களில் அவருடைய கார்கள் இத்தாலியச் செந்நிறத்தைத் துறந்து, அமெரிக்கக் குழுவொன்றின் நீல வெண்ணிறங்களுடன் ஓடின. அக்கோலத்திலேயே ஜோன் சேர்ட்டீஸ் உலக வீரரானார்!

மறுப்பு நியாயமானதா? ஆம் என்பதே நமது கருத்து. மேற்கூடு மாறினும் ஒரு கார் அதே காராகலாம். எஞ்சின் இருக்குமிடமே மாறியபின் பழைய பெயர் மட்டும் எவ்வாறு பொருந்தும்? ஆயினும், பெராரியின் சினத்துக்கும் காரணமில்லாமலில்லை. 1962இல் எண்ணிக்கையைப் பாராது கதவைத் திறந்தவர்கள், 1964இல் எண்ணிக்கையைக் காட்டிக் கதவை அடைத்தனர். ஒருமுறை வளைந்த விதி பின்னர் நிமிரும்போது, அந்நிமிர்வே அநீதிபோலத் தோன்றுவது இயல்பு.

பந்தய உலகம் கண்ட முடிவு இனிது. 1965இல் பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில், விற்பனைக் கார்களின் பிரிவில் இடம்பெறாத அந்த 250 எல்.எம்., பந்தயத்துக்கென்றே செய்யப்படும் கார்களின் பிரிவில் ஓடி முதலிடம் பெற்றது. தகுந்த களத்தில் நின்றால் தகுதிக்குச் சலுகை எதற்கு? பள்ளி மைதானத்தில் வயதுப் பிரிவு பார்த்து ஓடும் நம் மாணவர்கள் இதனை எளிதில் உணர்வர்.