நஞ்சு ஊட்டிய கை

கணினி விளையாட்டுகளைச் சிறுபிள்ளைத்தனம் என்று இலக்கிய வாசகர்கள் ஒதுக்கிவிடுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மந்திரமும் மாயமும் நிறைந்த அவ்விளையாட்டுகளும் ஒருவகைக் கதைசொல்லலே. ஆகவே கதையிடம் கேட்கும் கேள்விகளை அவற்றிடமும் கேட்கலாம். இங்கு என் கேள்வி நஞ்சைப் பற்றியது.

இவ்விளையாட்டுகளில் நஞ்சு பெரும்பாலும் வெறும் கணக்கு. 1996இல் ஜப்பானில் வெளியான போக்கிமான் முதற்பதிப்புகளில், நஞ்சேறிய உயிரி சண்டை முடிந்த பின்னரும் நான்கு அடிக்கு ஒரு புள்ளி வீதம் உயிராற்றலை இழக்கும். 2010இல் வந்த பதிப்புகளில் இந்த இழப்பு நீக்கப்பட்டது. மைன்கிராஃப்டிலோ நஞ்சு கொல்வதே இல்லை. அரை இதயம் மிஞ்சும்போது நின்றுவிடுகிறது.

மாற்று மருந்து இன்னும் எளிது. போக்கிமானில் 'ஆன்டிடோட்' கடையிலேயே கிடைக்கும். மைன்கிராஃப்டில் ஒரு வாளிப் பால் போதும். எதன் நஞ்சு என்று கேட்பாரில்லை. டார்க் சோல்ஸ் (2011) சற்றே வேறுபடுகிறது: சாதாரண நஞ்சுக்கு ஊதாப் பாசி, கொடுநஞ்சுக்குப் பூத்த ஊதாப் பாசி. மெய்யுலகில் பாம்புக்கடி மருந்து குறிப்பிட்ட பாம்புகளுக்கென்றே உருவாவது. அவற்றின் நஞ்சைக் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் குருதியிலிருந்து பிரித்தெடுப்பது.

ஆயினும் என் மனக்குறை மருத்துவம் பற்றியதன்று. விளையாட்டு விளையாட்டாக இருக்க எளிமை வேண்டும் என்பதை ஏற்கிறேன். என் குறை வேறு. இலக்கியத்தில் நஞ்சு ஒரு பொருள் மட்டுமன்று, ஓர் உறவு. ஹாம்லெட்டின் தந்தை தோட்டத்தில் உறங்குகையில் நஞ்சூற்றியவன் உடன்பிறந்த தம்பி. வாளேந்தி வருபவனைப் பகைவன் என்று அறியலாம். நஞ்சுடன் வருபவன் நம்பிக்கைக்குரியவனாக வருகிறான். நஞ்சின் கொடுமை அங்கேதான் இருக்கிறது. விளையாட்டிலோ அது சதுப்பு நிலத்திலிருந்தும் சிலந்தியிடமிருந்தும் வருகிறது. கொடுத்த கை காணாமற்போய்விட்டது.

விதிவிலக்குகள் உண்டு. போலந்து எழுத்தாளர் சப்கோவ்ஸ்கியின் கதையுலகிலிருந்து பிறந்த விட்சர் 3 (2015) விளையாட்டில், நாயகன் வலிமைக்காகப் பருகும் ஒவ்வொரு மருந்தும் அவன் உடலில் நச்சுத்தன்மையை ஏற்றும். அதை அகற்றும் 'வெள்ளைத் தேன்' பருகிய மருந்துகளின் பயனையும் சேர்த்தே துடைத்துவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்ற நம் பழமொழிக்கு இதைவிட நல்ல உரை எழுத முடியுமா? இங்கே கொடுக்கும் கை நாயகனுடையதே.

ஸ்கைரிம் (2011) இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. உரிய திறனைப் பெற்றவன், பிறர் அறியாமல் அவர்கள் சட்டைப்பைக்குள் நஞ்சை இட்டு அவர்களைச் சாகடிக்கலாம். துரோகம் செய்யும் கை இப்போது ஆட்டக்காரனுடையது. வருந்தத்தக்கது என்னவெனில், அந்த வாய்ப்பைத் தந்த விளையாட்டு அதைத் திறமையாக மட்டுமே எண்ணுகிறது. நஞ்சிட்டவனின் மனத்துக்கு மாற்று மருந்து உண்டா என்று அது கேட்பதில்லை.

இன்றைய இளைஞர் பலருக்கு முதற்கதைகள் இவையே. எத்தீங்குக்கும் கடையில் மருந்துண்டு என்பதோடு அக்கதைகள் நின்றுவிடலாகாது. உடன்வரும் தோழன் நீட்டும் கிண்ணத்தைக் கண்டு ஆட்டக்காரன் ஒரு கணம் தயங்கும்படி ஒரு விளையாட்டு அமையட்டும். அப்படி ஒன்று ஏற்கெனவே இருந்தால், அறிந்த நண்பர்கள் சுட்டிக்காட்டினால் மகிழ்வேன்.