பின்வரிசையில் எழுந்த குரல்

அமைச்சர் பதவி வகிக்காத உறுப்பினரை, "நாடாளுமன்றத்தில் இருந்து என்ன சாதித்தார்?" என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம் வீடுகளிலும் வேரூன்றிவிட்டது. இதனை நாம் ஒப்பவில்லை.

கச்சத்தீவு ஒப்பந்தம் 1974 ஜூன் 26, 28 நாள்களில் கையொப்பமாயிற்று. ஜூலை 8-இல் நடைமுறைக்கும் வந்தது. அதன் பின்னரே, ஜூலை 23-இல், அமைச்சர் ஸ்வரண்சிங் மக்களவையில் அறிக்கை வைத்தார். முடிந்த காரியத்துக்கு அவை தலையசைக்க வேண்டுமாம்! பெருபாரிக்காக 1960-இல் அரசியல் சட்டமே திருத்தப்பட்டது; இங்கோ, எல்லைத் தகராறு தீர்ந்தது என்ற ஒரு சொல்லே போதுமாயிற்று.

அன்று கண்டித்து எழுந்தோருள் இராமநாதபுரம் உறுப்பினர் மூக்கையாத் தேவரும் உண்டு. பெரியகுளம் உறுப்பினர், முஸ்லிம் லீகின் முகம்மது ஷெரீப் சாஹிபும் உண்டு. 1967-இல் இராமநாதபுரத்தின் பிரதிநிதியாகச் சென்றவர் ஷெரீப் சாஹிப். தொகுதி மாறியும் அந்தக் கடற்கரையை மறந்தாரில்லை. நம் தேசப்பற்றை ஐயுறுவோர் அந்நாளைய அவைக்குறிப்பைப் புரட்டிப் பார்க்கட்டும்.

அவர்களை விடுங்கள், நாம் மட்டும் நினைவில் வைத்தோமா? குத்துவிளக்குக்குப் பேர்போன அரியக்குடியும் அன்று இராமநாதபுரம் மாவட்டத்து ஊரே, 1985-இல்தான் பிரிந்தது. கச்சத்தீவு பறிபோனபோது அது அவ்வூராரின் மாவட்டத்துத் தீவு. அங்கே இன்று ஷெரீப் சாஹிபின் பெயரை எத்தனை பிள்ளைகள் சொல்வர்?

பயண ஆவணமின்றி நம் மீனவர் தீவுக்குச் செல்லலாம் என்றது 5-ஆம் பிரிவு. மீன்பிடிப்பது பற்றி அது வாய் திறக்கவில்லை. 1976 மார்ச் மாதக் கடிதங்களோ, ஒரு நாட்டார் மறுநாட்டுக் கடலில் மீன்பிடிக்கலாகாது என்றே எழுதிவிட்டன. இராமேசுவரத்துப் படகுகள் இன்றும் பறிமுதலாகின்றன.