மெட்டுகளைப் பிடுங்கினால் போதுமா?

மும்பையில் தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் போன்ற பகுதிகளில் தமிழ் வாலிபர்கள் பலர் பேஸ் கிதார் வாசிக்கிறார்கள். தேவாலயப் பாடகர் குழுவில் தொடங்கி, கல்யாண வரவேற்பு, பிள்ளையார் சதுர்த்தி மேடை என்று இன்னிசைக் குழுக்களுக்குப் போகிறவர்களும் உண்டு. பகலில் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை; ராத்திரியில் நாலு தந்தி வாத்தியம். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால், வாசிக்க ஆரம்பித்து ஆறு மாதம் ஆவதற்குள் சிலருக்கு ஓர் ஆசை வந்துவிடுகிறது. கிதாரின் கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளை, அதாவது 'பிரெட்'டுகளைப் பிடுங்கி எறிந்துவிட வேண்டும் என்ற ஆசை. வீணையில் மெட்டு என்கிறார்களே, அதுதான் இது.

மெட்டு இல்லாத பேஸ் கிதார் மனிதக் குரலைப் போல இழைந்து பாடும். அதைக் கேட்ட காது சும்மா இருக்காது. ஆகவே ஆசை நியாயமானதே. ஆனால் கையில் இருப்பது ஒரே ஒரு கிதார், அதுவும் தவணையில் வாங்கியது என்றால், குறட்டைக் கையில் எடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டாமா?

கத்தியால் வந்த வித்தை அல்ல

இந்த ஆசைக்கு மூல காரணம் அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் வளர்ந்த ஜாகோ பாஸ்டோரியஸ். 1976-ல் வெளிவந்த அவருடைய முதல் தனி இசைத்தட்டு, பேஸ் கிதார் என்றால் பின்வரிசையில் நின்று 'டும், டும்' என்று தட்டுவது என்ற எண்ணத்தையே மாற்றிவிட்டது. அவர் வாசித்தது மெட்டு எடுக்கப்பட்ட ஒரு பெண்டர் கிதார். வெண்ணெய் தடவும் கத்தியால் அவரே மெட்டுகளை நெம்பி எடுத்தார் என்பது உலகம் பூராவும் பரவிய கதை. முரட்டுத் தந்திகள் மரத்தை அரித்துவிடாமல் இருக்க, படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பலகையில் பூசினார் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். 1987-ல், 35 வயதில் அவர் இறந்துபோனார்.

கத்தியை நினைவில் வைத்திருப்பவர்கள் மற்றொன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த இசைத்தட்டு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அவர் குழுக்களோடு இரவு இரவாக வாசித்துத் தேறியவர். மெட்டு போகும்போது சுருதி அவர் காதில் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், பேஸ் வாத்தியத்துக்கு மெட்டு வந்ததே பிற்பாடுதான். ஆளுயரம் நிற்கும் டபுள் பேஸில் மெட்டு கிடையாது. 1951-ல் லியோ பெண்டர் மின்சார பேஸ் கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதற்கு 'பிரிசிஷன்', அதாவது துல்லியம் என்று பெயர் வைத்தார். மெட்டு இருப்பதால் சுருதி துல்லியமாக விழும் என்பதே அந்தப் பெயரின் பொருள். மெட்டை எடுத்துவிட்டால், அந்தத் துல்லியத்தை வாசிக்கிறவரே கொடுத்தாக வேண்டும்.

எங்கே பிசகுகிறது?

மெட்டு உள்ள கிதாரில் விரலை மெட்டுக்குச் சற்றுப் பின்னால் வைப்பது வழக்கம். மெட்டு இல்லாததில், மெட்டு இருந்திருக்க வேண்டிய அதே கோட்டின் மேல் வைக்க வேண்டும். பழைய பழக்கத்தில் பின்னால் வைத்தால் ஒவ்வொரு சுரமும் இறங்கியே பேசும். புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு இதுதான்.

இன்னொன்று, தூரம். சாதாரண பேஸ் கிதாரில் தந்தியின் நீளம் 34 அங்குலம். முதல் அரைச் சுரத்துக்கு விரல் ஏறக்குறைய 1.9 அங்குலம் நகர வேண்டும். 12-வது இடத்தைத் தாண்டியதும் அதே அரைச் சுரம் ஒரு அங்குலத்துக்கும் குறைவான இடத்தில் அடங்கிவிடுகிறது. கீழே ஒரு நூல் பிசகினால் மன்னித்துவிடலாம். மேலே அதே பிசகு இரண்டு மடங்காகக் கேட்கும்.

பேஸ் பிசகினால் சபையில் இருப்பவர்களுக்குத் தவறு எங்கே என்று தெரியாது. பாடுகிறவர்தான் தடுமாறுவார், பழியும் அவர் மேல் விழும். அஸ்திவாரம் இறங்கினால் மாடி வீட்டுக்காரனைத் திட்டுவது போல!

மெட்டு இருந்த இடங்களில் கோடு போட்ட கிதார்களும் விற்கிறார்கள். அதில் வாசிப்பது ஒன்றும் அவமானம் அல்ல. ஆனால் வாசிப்பவர் கண்ணுக்கு அந்தக் கோடு சாய்வாகத் தெரியும். முழுக்க நம்பினால் மோசம் போக வேண்டியதுதான். கோடு இல்லாத கிதாரை வாங்கப் போகிறவர்கள் கழுத்தின் ஓரத்தில் உள்ள புள்ளிகளைக் கவனிக்க வேண்டும். சிலவற்றில் புள்ளி சரியாகச் சுரம் விழும் இடத்தில் இருக்கும். சிலவற்றில் இரண்டு இடங்களுக்கு நடுவில் இருக்கும். கடையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கைபேசியில் முள் ஆடும் செயலியை வைத்துக்கொண்டு பழகுகிறவர்களும் இருக்கிறார்கள். வெறும் தந்திகளைச் சுருதி கூட்ட அது போதும். சுரம் பழக அது உதவாது. முள்ளைப் பார்த்து விரலைத் திருத்தத் திருத்த, கண்தான் தேறும். காது அப்படியே கிடக்கும்.

இந்த விஷயத்தில் தமிழ் வீடுகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. கோட்டு வாத்தியத்திலும் வயலினிலும் மெட்டு கிடையாது. அவற்றைப் பயில்கிறவர்கள் தம்புராவையோ சுருதிப் பெட்டியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டே பயில்கிறார்கள். பேஸ் கிதாருக்கும் அதே வழி பொருந்தும். தடித்த ஈ தந்திக்குச் சுருதியைக் கூட்டிவிட்டு, முதலில் வாயால் சுரத்தைப் பாட வேண்டும். பிறகு விரலை வைக்க வேண்டும். ஈ தந்தியின் 5-வது இடமும் ஏ தந்தியின் வெறும் ஒலியும் ஒன்றே. இரண்டையும் சேர்த்து மீட்டினால் பிசகு அலை அலையாக அடித்துக் காட்டிக் கொடுத்துவிடும். வாத்தியார் இல்லாத நேரத்தில் இதைவிட வாத்தியார் வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. தம்புராவில் இழையும் அந்தர காந்தாரத்தைவிடக் கீபோர்டின் காந்தாரம் கொஞ்சம் உயரம். மெட்டு இல்லாத பேசில் இரண்டையும் வாசிக்கலாம். ஆனால் மேடையில் கீபோர்டோடு வாசிக்கும்போது அதன் காந்தாரத்தோடுதான் போக வேண்டும். அங்கே வீட்டுச் சுருதியைப் பிடித்துக்கொண்டு பிடிவாதம் பண்ணக்கூடாது.

'சத்தமே வராத வாத்தியத்துக்கு இவ்வளவு பணமா?' என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். பெருக்கியில் இணைக்காவிட்டால் மின்சார பேஸ் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவருக்குக்கூட அதிகம் கேட்காது என்பது உண்மைதான். ஒரே அறையில் ஐந்து பேர் தூங்கும் வீட்டில் அது ஒரு வரப்பிரசாதம். கடைசி மின்சார ரெயிலில் வீடு திரும்புகிறவர்கூட அரை மணி நேரம் பழகலாம். யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

ஆகவே மெட்டு உள்ள கிதார் அப்படியே இருக்கட்டும். அதில் மேடை ஏறிச் சம்பாதிக்கலாம். மெட்டு இல்லாததை, கை சற்றுத் தாராளமாகும்போது, பழையதாகப் பார்த்துத் தனியே வாங்கிக்கொள்ளலாம்.

அவசரப்பட்டுப் பிடுங்கியாகிவிட்டது என்றால், பள்ளங்களைச் சும்மா விட்டுவைக்கக் கூடாது, கழுத்து வளைந்துவிடும். மெல்லிய மரச்சீவல்களைப் பள்ளத்துக்குள் ஒட்டி, மேலே தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். தந்தியின் உயரத்தையும் இரண்டு பக்கமும் குறைக்க வேண்டியிருக்கும். இது கிதார் பழுது பார்க்கத் தெரிந்தவர் செய்கிற வேலை. வீட்டில் சுத்தியலோடு உட்கார்ந்து செய்வது அல்ல. தந்தியிலும் முரட்டுச் சுற்றுத் தந்தியை மாற்றி, வழவழப்பான தட்டைத் தந்தியைப் போட்டால் பலகை பல நாள் தாங்கும்.